இருபது பேர் சொன்னதும் நான் எழுதாமல் விட்டதும்

"ஆடுறவங்க பக்கத்துல உக்காந்தா நீ வாயே தொறக்கக் கூடாதும்மா" என்று எனக்கு முதலில் சொன்னது என் மகள் ஸ்டெல்லா. போன வருஷம், வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது, திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருவர் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவும் அவளோடு படித்த பரங்கிப்பேட்டை இர்ஃபானும் சேர்ந்து மூன்று வருஷமாக ஒரு விளையாட்டு செய்தார்கள். கையில் பிடித்து ஆடுகிற கன்சோலுக்கு உள்ளது. நான் அதைப் பெட்டி என்றுதான் சொல்வேன். அதில் கயல் என்ற சின்னப் பெண், காணாமல் போன அப்பாவைத் தேடி அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போகிறாள். அந்த அப்பாவின் முகம் எனக்குப் பழகின முகம். கடலூர் சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, இறந்து நாலு வருஷமான என் வீட்டுக்காரரை வைத்துத்தான் ஸ்டெல்லா வரைந்திருந்தாள்.

சென்னையில் ஒரு கம்பெனி அதை வெளியிடுகிறோம் என்றது. ஆனால் சொந்தமோ சிநேகமோ இல்லாத இருபது பேர் ஆடிப் பார்த்து, அவர்கள் வாயால் சொன்னதை வார்த்தை மாறாமல் செப்டம்பர் பிறப்பதற்குள் அனுப்ப வேண்டும் என்றது. சரிப்படவில்லை என்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுப் பெங்களூர் வேலைக்குப் போகிறேன் என்று ஸ்டெல்லா தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் எதிரில் ஆடுகிறவர்கள் எல்லாரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதனால்தான் எட்டாவது வரை படித்த, பரமபதம் தவிர வேறு ஆட்டம் தெரியாத என் கைக்கு நோட்டு வந்தது.

பிள்ளை உள்ளே பரீட்சை எழுத, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்கு அந்த கேட் கூட இல்லை. உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

முதல் ஆள்

முதல் ஆள் மஞ்சக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிபன் கேரியரை ஓரம் தள்ளி, பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினேன். அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தார்.

முதல் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதற்குள் இடது பக்கம் திரும்பிவிட வேண்டும். அவர் வலது பக்கமே போய் முட்டினார். ரெண்டு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை. எனக்கு வழி தெரியும், வீட்டில் எத்தனையோ தடவை பார்த்ததுதானே. 'இடது' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு நெற்றியில் வியர்வை, எனக்கு முதுகில். ஏழாவது தடவை பெட்டியை மேஜையில் வைத்துவிட்டார். இருபது பேரில் முதல் ஆள் முதல் வாய்க்காலையே தாண்டவில்லை. "எப்படி இருக்குங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க எனக்கு அனுமதி உண்டு. கேட்டேன்.

"கேம் கெடக்கட்டும்மா. நீங்க இப்படிக் கண்ணு கொட்டாம பாத்துகினு இருந்தா எனக்கு எங் கடைக்கே வழி மறந்துடும்."

கட்டாத படகு

அதன் பிறகு நான் எதிரில் உட்காருவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உட்காரப் பழகினேன். ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் முதுநகர் துறைமுகத்தில் சேர்ந்து கிடைத்தார்கள். ஒருவர் விசைப்படகுக்காரர், இன்னொருவர் அவர் மனைவியின் தம்பி, இன்ஜினியரிங் படிக்கிற பையன். பையன்தான் முதலில் ஆடினான்.

இந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. கயல் கரையில் இறங்கும் முன் படகை ஒரு கட்டையில் கட்ட வேண்டும். கட்டினால் அதுவரை வந்த தூரம் பத்திரம். கட்டாமல் இறங்கி, ஏதாவது ஆனால், மறுபடி முதலிலிருந்துதான். பையன் ஐம்பது நிமிஷம் ஆடி மூன்றாவது வாய்க்கால் வரை போனான், ஒரு இடத்திலும் கட்டவில்லை. அங்கே கால் வழுக்கிற்று. திரையில் மறுபடி முதல் வாய்க்கால் வந்ததும் அவன் முகம் சிவந்து, பெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கிவிட்டான். பின்னால் தண்ணீர். எங்களிடம் இருந்த பெட்டியே அது ஒன்றுதான். நான் பாதி எழுந்துவிட்டேன், சத்தம் மட்டும் வரவில்லை. 'மாதாவே, அந்தக் கையைப் பிடி' என்று உள்ளுக்குள் கத்தினேன். பிடித்தது அந்தப் படகுக்காரர்தான். மணிக்கட்டைப் பிடித்து, பெட்டியை வாங்கி, தானே ஆட ஆரம்பித்தார். கரை வந்தால் முதலில் கட்டினார், பிறகு இறங்கினார். யாரும் சொல்லித் தரவில்லை.

"மாமா, கட்டணும்னு அதுல எங்கயுமே சொல்லலையே!" என்று பையன் கத்தினான். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டாம எறங்குனா படகு போவத்தான் செய்யும் மச்சான். இதையுமா ஒருத்தரு சொல்லித் தருவாங்க?"

ஜெபமாலை

சிதம்பரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில், விவசாயம் படிக்கிற பெண் ஒன்பதாவது ஆள். அதுவரை ஆடினவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாய்க்காலோடு நின்றுவிட்டார்கள். ஸ்டெல்லா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். அண்ணன்காரன் வேறு தினமும் போன் போட்டு, "என்னம்மா, பெங்களூருக்குப் பெட்டி கட்டிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தப் பெண்ணோ வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டிப் போகிறாள். விளையாட்டில் முதலை வருகிற இடங்கள் ஆறு. அதை யாரும் முதல் தடவையில் தாண்டினதில்லை. இவள் ஒவ்வொரு இடத்திலும் சரியாகத் துடுப்பை நிறுத்துகிறாள், முதலை போனதும் கிளம்புகிறாள். ஒரு தடவை கூடச் சாகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆண்டவர் ஒரு நல்ல ஆட்டக்காரியை அனுப்பிவிட்டார், இவள் ஒருத்தி சொல்வதே போதும் என்று நினைத்தேன்.

முந்தானைக்குள் ஜெபமாலை உருட்டுவது என் வழக்கம். பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எங்கே உட்கார்ந்தாலும் விரல் தானாக உருட்டும். ஆடி முடித்துவிட்டு அந்தப் பெண் என் மடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, உங்க ஜெபமாலை வேகமா ஓடுனா முதலை வருது, மெதுவா ஓடுனா போலாம். மத்தபடி கேம் ரொம்ப ஈஸி."

முதலையின் சத்தம்

இதைக் கேட்டு ஸ்டெல்லா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டை வாங்கி, என் ஜெபமாலை கண்ணில் பட்டிருக்கும் என்று தோன்றின நாலு பேர் சொன்னதை அடித்துவிட்டாள். ஒன்பது ஐந்தாகிவிட்டது. ஜெபமாலையை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வெறுங்கையோடு காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு ரைஸ்மில் ஃபோர்மேன். கொள்ளிடக் கரையோரம் ஊர். முதல் முதலை உறுமிக்கொண்டு எழும்பியதும் எல்லாரும் பதறுவார்கள், இவர் வாய்விட்டுச் சிரித்தார். ரெண்டாவதற்கும் சிரித்தார். மூன்றாவதற்குச் சிரிப்பு நின்றது. பெட்டியைத் தவிட்டு மூட்டை மேல் வைத்துவிட்டு, ஒரு விஷயம் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தம்பி ஆற்றோரம் ஆடு மேய்த்தானாம். பதினோரு ஆடு தண்ணி குடிக்கக் குனிந்தது, பத்து ஆடு நிமிர்ந்தது. பக்கத்திலேயே நின்றவனுக்குத் தண்ணீர் அசைந்தது கூடக் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் தன் கையைத் தானே தடவிக்கொண்டார். மில் ஓடுகிற சத்தத்திலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"முதலை சத்தம் போடாதும்மா. சத்தம் போட்டா அதுக்குச் சோறு கெடைக்குமா?"

பத்தொன்பதாவது ஆள்

ஸ்டெல்லா அன்றைக்கே முதலையின் உறுமலை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஆடினவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் ஆடினார்கள். நல்ல வார்த்தை வர ஆரம்பித்தது. ஆனால் மாசம் முடியப் பத்து நாள் கூட இல்லை.

பத்தொன்பதாவது ஆள் கலைவாணி. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியான டூட்டிக்கு முன்னால் வீட்டு வாசலறையில் உட்கார்ந்து ஆடினாள். நிதானமான கை. ஒவ்வொரு கரையிலும் படகைக் கட்டினாள். ரெண்டு மணி நேரத்தில் கடைசி வாய்க்காலுக்கு வந்துவிட்டாள். பனிமூட்டத்துக்குள் ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். கயல் கரையேறி ஓடுகிறாள். அவர் திரும்புகிறார். அந்த முகம் திரும்புகிற இடத்தை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். நோட்டில் ஒரு சொட்டு விழாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கலைவாணி திரையைப் பார்த்தாள். பிறகு சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா அந்த அப்பா கெடச்சப்ப எனக்கு ஒண்ணுமே தோணலை. யாரோ ஒரு ஆளு நிக்கிறாரு, அவ்வளவுதான்."

சுமார்

பேனா ஓடவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். 'யாரோ ஒரு ஆளு.' இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷரை அப்படி என் கையாலேயே எப்படி எழுதுவது? அதைப் படித்தால் என் பெண் என்ன ஆவாள்? புதுச்சத்திரம் தாண்டும்போது நோட்டைத் திறந்து, "நன்றாக இருக்கிறது, முடிவு சுமார்" என்று எழுதி மூடினேன். பாவம்தான். அன்றைக்கு அது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஸ்டெல்லா பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். "சுமார்னு மட்டும் யாரும்மா பேசுவாங்க? அவுங்க இன்னா சொன்னாங்க?" என்றாள். இதுதான் என்றேன். "இந்த நோட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி பேசுறாங்க. இது மட்டும் உன்னை மாதிரி பேசுது. மாதா படத்தைப் பாத்துச் சொல்லு" என்றாள். இர்ஃபான் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி உட்கார்ந்தான். நான் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கலைவாணி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். மறந்தால்தானே.

ஸ்டெல்லா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ அப்பாவைக் காப்பாத்தலம்மா. பத்தொம்போது பேருல வலிக்கிற மாதிரி நெசத்தைச் சொன்னது ஒருத்தரு. அதையும் நீயே முழுங்கிட்டே."

ரெண்டு விசில்

அவள் சொன்னது சரி. விளையாட்டு ஆரம்பிக்கும்போதே அப்பா காணாமல் போயிருப்பார். ஆடுகிறவர் அவரைப் பார்த்ததே இல்லை. எங்களுக்குத்தான் அவர் அப்பா, மற்றவர்களுக்கு யாரோ. எட்டு நாள் இருந்தது. இருபதாவது ஆளாக, நெய்வேலியிலிருந்து வந்த ஒரு எலெக்ட்ரீஷியன் வேலையோடு வேலையாக ஆடிக் கொடுத்துவிட்டுப் போனார். இனி முதல் வாய்க்காலில் அப்பாவும் படகில் இருக்க வேண்டும் என்று ஸ்டெல்லா முடிவு செய்தாள். அவர் பேச மாட்டார், பின்னால் உட்கார்ந்து விசில் அடிப்பார். ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போ. பஸ் ஏறின எல்லாருக்கும் தெரிந்ததுதான். சத்தம் போடாத முதலைக்கு அந்த ஒரு விசில்தான் எச்சரிக்கை. ரெண்டாவது வாய்க்காலில் அவரும் இல்லை, விசிலும் இல்லை.

அவருடைய விசில் பீரோவில் இருந்தது. ஸ்டெல்லா ஊதினாள், சரியாக வரவில்லை. இர்ஃபான் ஊதினான், டிரில் மாஸ்டர் ஊதுகிற மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை பதிவு செய்து அழித்தார்கள். நாலு நாள்தான் பாக்கி. ஸ்டெல்லாவுக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. எனக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியும். எங்கள் தெரு முனையில்தான் அவருடைய பஸ் நிற்கும். முதல் விசில் அடித்துவிட்டு, கடைசியாக ஏறினவர் காலைப் படியில் வைத்துவிட்டாரா என்று ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டாவது, அது கொஞ்சம் நீளம். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அதைத் தினமும் கேட்டவள் நான்.

"கொண்டா இங்க" என்றேன். மத்தியானம், தெரு அடங்கியிருந்தது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினார்கள். சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே ஒரு தடவை ஊதினேன். கண்ணைத் திறந்தபோது ஸ்டெல்லா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். இர்ஃபான்தான் பேசினான்.

"அம்மா, பஸ்ஸு கெளம்பிடுச்சு."

பதினோரு சதவீதம்

ஒரு நாள் பாக்கி இருக்கும்போது மறுபடி கலைவாணி வீட்டுக்குப் போனேன். முன்பு சொன்னது, இப்போது சொல்லப்போவது, ரெண்டையும் அப்படியே அனுப்புவது என்று ஏற்பாடு. நடுவில் இருக்கிற வாய்க்கால்களை விட்டுவிட்டு, முதல் வாய்க்காலும் கடைசி ரெண்டும் மட்டும் ஆடினால் போதும் என்று இர்ஃபான் மாற்றிக் கொடுத்திருந்தான். அவளுக்கு டூட்டிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஏழு நாள் ஓட்டத்தில் நான் பெட்டிக்கு சார்ஜ் போட மறந்திருக்கிறேன். கொடுத்த பிறகுதான் மூலையில் சிவப்பு தெரிந்தது, பதினோரு சதவீதம். சார்ஜர் கடலூரில்.

முதல் வாய்க்காலில் ஒரு விசில். அவள் துடுப்பு நின்றது. தண்ணீருக்கடியில் ஒரு நிழல் மெல்லப் போயிற்று. ரெண்டு விசில். அவள் உதட்டில் சின்னச் சிரிப்பு. எட்டு சதவீதம். அடுத்ததில் விசில் இல்லை. இருட்டான தண்ணீர் முன்னால் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள், காதைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். வராது என்று எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது. கையில் ஜெபமாலை இல்லை. நோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன். நாலு சதவீதம். கடைசிக் கரை, ஒரே பனிமூட்டம். கலைவாணி இறங்கப் போகிறாள். கட்டாமல் இறங்கி, பெட்டி அணைந்தால் எல்லாம் போச்சு. அவள் இறங்காமல் முதலில் படகைக் கட்டினாள். ரெண்டு சதவீதம். அப்போது பனிக்குள்ளிருந்து வந்தது, ஒரு விசில், ஒரு நிறுத்தம், கொஞ்சம் நீளமாக இன்னொன்று.

பெட்டி அணையவில்லை. அவர் திரும்பினார், கயல் ஓடினாள். கலைவாணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்க மறந்துவிட்டேன். அவள்தான் என்னைக் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அதனால் அவள் கேட்டதை எழுதினேன்.

"அந்த விசிலு யாரு அடிக்கிறது ஆன்ட்டி? ஏற வேண்டியவங்க எல்லாம் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டு அடிக்கிற மாதிரி இருக்கே."

கம்பெனி எடுத்துக்கொண்டது. ஸ்டெல்லா பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள், அண்ணன்காரன் இப்போது தன் ஆபீஸில் எல்லாரிடமும் பெருமை பேசுகிறானாம். மொத்தத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய வேலையில் விரலாலும் பேனாவாலும் மூச்சாலும் பேசித் தொலைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தப் பெட்டி உங்கள் கைக்கு வந்தால், இறங்குவதற்கு முன்னால் படகைக் கட்டிவிடுங்கள்.